முதலில் எழுதுங்கள், மறுநாள் திருத்துங்கள்

மார்க்கெட்டிங் பணியில் இருப்பவர்களுக்கு நாள்தோறும் எழுத்து வேலை உண்டு. வாடிக்கையாளருக்கு இமெயில், புதிய பொருளுக்கு நோட்டீஸ், வாட்ஸ் அப் செய்தி என ஏதேனும் ஒன்று காத்திருக்கும். ஆனால் வேர்டைத் திறந்தவுடன் பலருக்குக் கை ஓடுவதில்லை. ஒரு வரி டைப் செய்வது, அழிப்பது, மீண்டும் டைப் செய்வது என அரை மணி நேரம் போய்விடும். கடைசியில் போன மாதக் கடிதத்தையே காப்பி செய்து, பெயரையும் விலையையும் மாற்றி அனுப்பிவிடுவோம். நானும் ஒருமுறை அப்படித்தான் அனுப்பினேன். ஓர் இடத்தில் பழைய விலையை மாற்ற மறந்ததால், அந்த விலைக்கே பொருளைக் கொடுக்க வேண்டியதாயிற்று.

எழுதுவது ஒரு வேலை. திருத்துவது வேறு வேலை. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்வதுதான் சிக்கல். பிரைன்ஸ்டார்மிங் முறையை வகுத்த அமெரிக்க விளம்பரத் துறையினர் அலெக்ஸ் ஆஸ்போர்ன், யோசனைகள் வரும்போது குறை காணக்கூடாது என்பதை முக்கிய விதியாக வைத்தார். விளம்பர உலகின் புகழ்பெற்ற டேவிட் ஓகில்வி, 1982ல் தன் ஊழியர்களுக்கு அனுப்பிய குறிப்பில், கடிதத்தை எழுதிய அன்றே அனுப்ப வேண்டாம்; மறுநாள் காலை உரக்கப் படித்துத் திருத்துங்கள் என்று கூறினார். இதனை நம் கம்ப்யூட்டரில் எப்படிப் பழகலாம் என்று பார்ப்போம்.

1. குறிப்பு ஃபைல்: நோட்பேடைத் திறந்து, முதல் வரியில் ஒரு புள்ளி வைத்து, இடைவெளியின்றி எல், ஓ, ஜி என்ற ஆங்கில எழுத்துகளைக் கேப்பிட்டலில் டைப் செய்து சேவ் செய்திடவும். இனி இந்த ஃபைலைத் திறக்கும்போதெல்லாம் அன்றைய நேரமும் தேதியும் தானாகவே இறுதியில் வந்துவிடும். அதன் கீழே, அன்று வாடிக்கையாளர் கேட்ட கேள்வியை அவர் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதுங்கள். இன்வெர்ட்டர் நோட்டீசில் "ப்யூர் சைன் வேவ்" என்று இருக்கும். வாங்க வருபவரோ, "கரன்ட் போனா ஃபேன் எத்தனை மணி நேரம் ஓடும்?" என்றுதான் கேட்பார். அந்தக் கேள்விதான் உங்கள் அடுத்த நோட்டீசின் தலைப்பு.

2. சிவப்புக் கோடுகளை நிறுத்துங்கள்: வேர்டில் ஃபைல், ஆப்ஷன்ஸ், ப்ரூஃபிங் எனச் செல்லவும். டைப் செய்யும்போதே ஸ்பெல்லிங், கிராமர் சோதிப்பதற்கான பாக்ஸ்களில் உள்ள டிக் அடையாளங்களை எடுத்துவிட்டு ஓகே செய்திடவும். அடுத்து, விண்டோஸ் கிளாக் புரோகிராமில் 10 நிமிடத்திற்கு டைமர் வைத்து எழுதுங்கள். பேக்ஸ்பேஸ் கீயைத் தொட வேண்டாம். தலைப்பு என்றால் பத்து எழுதுங்கள். முதல் இரண்டு மூன்று எல்லோரும் எழுதுவதாகவே இருக்கும். அதற்குப் பின்னர்தான் உங்களுடையது வரும்.

3. முகவரி கடைசியில்: இமெயில் எழுதுகையில் "டு" கட்டத்தைக் காலியாக விட்டு டிராஃப்ட்டாக வைத்திடுங்கள். முகவரி இல்லையெனில் அவசரத்தில் சென்ட் அழுத்தினாலும் மெயில் போகாது.

4. மறுநாள் திருத்தம்: இப்போது எஃப் 7 கீயை அழுத்தி ஸ்பெல்லிங் சோதனை செய்திடவும். ஆங்கிலக் கடிதம் எனில், புதிய வேர்ட் தொகுப்புகளில் ரிவியூ டேபில் உள்ள ரீட் அலவுட் கிளிக் செய்தால் கம்ப்யூட்டரே படித்துக் காட்டும். தமிழ்க் கடிதத்தை நீங்களே வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு வாங்கும் இடத்தில் வாக்கியத்தை இரண்டாக்குங்கள். பழைய கடிதத்திலிருந்து எடுத்தது எனில், கண்ட்ரோல்+எஃப் அழுத்தி, பழைய விலை, தேதி, பழைய வாடிக்கையாளர் பெயர் எங்கேனும் தங்கியுள்ளதா எனத் தேடுங்கள். பிறகு முகவரியை டைப் செய்து அனுப்புங்கள்.

ஒரு நாள் காத்திருக்க முடியாத மெயில்களும் உண்டு. அப்போது ஒரு டீ குடித்துவிட்டு வந்தாவது படித்துப் பாருங்கள். தினமும் 10 நிமிடம் என ஒரு மாதம் பழகிய பின், நோட்பேடில் உள்ள குறிப்பு ஃபைலைத் திறந்து பாருங்கள். எழுத விஷயம் இல்லை என்ற கவலை உங்களுக்கு இருக்காது.