மாஸ்டர் செக்கப்பா, வீட்டுக்கு வரும் லேபா, பி.எச்.சி.யா?

வீட்டுப் பெண்களுக்கு மாமியாரின் பிரஷர் மாத்திரை என்றைக்குத் தீரும், சின்னவனுக்கு அடுத்த தடுப்பூசி எப்போது என்பதெல்லாம் விரல் நுனியில் இருக்கும். "உங்களுக்கு ஹீமோகுளோபின் எவ்வளவு?" என்று கேட்டால் மட்டும், பிரசவத்தின்போது பார்த்த கணக்கைச் சொல்வார்கள். நேரமில்லை என்பது பெரும்பாலும் உண்மைதான். அதனால் விலையைவிட நேரத்தை வைத்தே உடம்பைப் பரிசோதிக்கும் இந்த மூன்று வழிகளையும் எடைபோடுகிறேன்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் லேப் பெரிய வசதி. ரத்த அணுக்களுக்கான சி.பி.சி., தைராய்டுக்கான டி.எஸ்.எச்., மூன்று மாத சர்க்கரையைச் சொல்லும் எச்.பி.ஏ.1.சி. ஆகிய மூன்றுக்கும் வெறும் வயிறு தேவையில்லை. காபி குடித்துவிட்டோமே என்று அடுத்த வாரத்துக்குத் தள்ள வேண்டாம். ஆனால், இரும்புச்சத்து குறைந்து ரத்தசோகை இருந்தால் எச்.பி.ஏ.1.சி. உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். 2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகைதான். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால், வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள். இந்த வழியின் குறை என்னவென்றால், போனுக்கு ரிப்போர்ட் வரும், விளக்க ஆள் வராது. கருப்பை வாயைப் பற்றியும் மார்பகத்தைப் பற்றியும் ரத்தம் எதுவும் சொல்லாது.

மாஸ்டர் செக்கப்பில் எல்லாம் ஒரே கூரையின் கீழ் முடியும், அரை நாளாவது போகும். 'எழுபது டெஸ்ட்' என்ற விளம்பரத்தில் மயங்காதீர்கள். ஒரே சி.பி.சி.யில் வரும் ஒவ்வொரு எண்ணையும் தனி டெஸ்டாக எண்ணுவது வழக்கம். பெண்களுக்கான பேக்கேஜில் சினைப்பைப் புற்றுநோய்க்கான சி.ஏ.125 டெஸ்ட் இருந்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். மாதவிலக்கு நாட்களிலும், ஃபைப்ராய்டு இருந்தாலும்கூட அது ஏறும். தொந்தரவு எதுவும் இல்லாதவரை வீணாகப் பயமுறுத்தும். பணம் கட்டுமுன் கருப்பை வாய்க்கான பாப் ஸ்மியர் உண்டா, டாக்டர் மார்பகத்தைப் பரிசோதிப்பாரா என்று கேளுங்கள்.

பி.எச்.சி. என்கிற ஆரம்ப சுகாதார நிலையத்தைப் பலர் பிரசவத்துக்கும் காய்ச்சலுக்கும் உரிய இடமாகவே நினைக்கிறார்கள். 30 வயதைத் தாண்டிய பெண்களுக்கு அங்கே பிரஷர், சுகர், மார்பகம், கருப்பை வாய் நான்கையும் இலவசமாகப் பார்க்கிறார்கள். கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி ஒரு நிமிடம் காத்திருப்பார் நர்ஸ். அந்த இடம் வெளுத்தால் மேல்பரிசோதனை வேண்டும். வலி அதிகம் இராது, முடிவும் அப்போதே தெரிந்துவிடும். மாதவிலக்கு நாட்களில் போக வேண்டாம். மாதவிடாய் நின்றவர்களுக்கு இந்த முறை அவ்வளவு பொருந்தாது. அவர்களுக்கு பாப் ஸ்மியர் அல்லது எச்.பி.வி. டெஸ்ட் நல்லது. காலை ஓ.பி. நேரத்தில் போனால் கூலி வேலைக்காரருக்கு அரை நாள் சம்பளம் போகும் என்பது உண்மையான குறை. ஆனால் பிரஷரோ சுகரோ தெரியவந்தால் மாத்திரை இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அது வீட்டுக்கே வரும்.

30-லிருந்து 50-க்குள், எந்தத் தொந்தரவும் இல்லாதவர் என்றால் நான் சொல்வது இதுதான்: ரத்தத்துக்கு வீட்டு லேப், மற்றதற்கு பி.எச்.சி. இரண்டும் சேர்ந்தாலும் பேக்கேஜைவிடச் செலவு குறைவு. அம்மாவுக்கோ அக்காவுக்கோ மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால், பேக்கேஜுக்கு முன் மகப்பேறு மருத்துவரைப் பார்த்து, எது தேவை என்று கேட்டுக்கொள்ளுங்கள். மார்பில் கட்டி, இடையில் ரத்தப்போக்கு, மாதவிடாய் நின்றபின் ரத்தம் என்று ஏதாவது இருந்தால் இந்த மூன்று வழியும் வேண்டாம். நேரே டாக்டரிடம் போங்கள், அதுவும் இந்த வாரமே.

நாளைக் குறித்ததும் வீட்டில் சொல்லிவிடுங்கள். அன்றைக்குக் காலை டிபனைக் கடையில் வாங்கிக்கொள்ளட்டும்.