பாசறையும் ஈயும்

படைவீரர் சில திங்கள் தங்குதற்பொருட்டு அமைக்கும் கூடாரத் தொகுதி பாசறை எனப்படும். ஊரானது நெடுங்காலம் வாழ்ந்து பழகித் தன் குப்பைக்கும் கழிவுநீருக்கும் வழி வகுத்துக்கொள்கிறது. பாசறையோ ஒரு வாரத்தில் எழும் ஊர். சோறும் வெடிமருந்தும் எங்கிருந்து வரும் என்று கணக்கிடும் தலைவர், பல்லாயிரவர் கழிக்கும் மலம் எங்கே செல்லும் என்று எண்ணுதல் அரிது.

1898-ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கும் ஸ்பெயினுக்கும் போர் மூண்டது. தாமே முன்வந்து படையிற் சேர்ந்த இளைஞர் பல்லாயிரவர், ஜார்ஜியா மாநிலத்துச் சிக்கமாகா என்னுமிடத்தில் பாசறை இறங்கினர். அந்நிலத்தில் மண் சிறிது. அதன்கீழ்ச் சுண்ணாம்புப் பாறை. ஆதலின் மலக்குழிகளை ஆழத் தோண்ட இயலவில்லை. மழை பெய்தபோது அவை நிரம்பி வழிந்தன. குழிவரை நடக்கச் சோம்பியவர் அருகிருந்த காட்டைக் கெடுத்தனர். சமையற்கூடங்களோ குழிகளுக்கு அணித்தாகவே இருந்தன. மருத்துவ அதிகாரி அறிவுரை கூறலாமேயன்றி ஆணையிட இயலாது. அவ்வறிவுரையைப் படைத்தலைவர் பலர் பொருட்படுத்தவில்லை.

குடற்காய்ச்சல் எனப்படும் டைபாய்டு பரவிற்று. மருத்துவர் பலர் அதனை மலேரியா என்று மயங்கினர். ஆகஸ்டுத் திங்களில் வால்ட்டர் ரீடு, விக்டர் வாகன், எட்வர்டு ஷேக்ஸ்பியர் என்னும் மூவரை ஆராயுமாறு அரசு பணித்தது. (இந்த ஷேக்ஸ்பியர் நாடகப் புலவர் அல்லர், மருத்துவர்.) அவர்கள் பாசறைதோறும் சென்றனர். மலக்குழிகளில் வெண்சுண்ணம் தூவுவது அங்கு வழக்கம். உணவின்மேல் ஊர்ந்த ஈக்களின் கால்களிலும் அவ்வெண்மையே படிந்திருந்தது! அவை எங்கிருந்து எழுந்து வந்தன என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ? நீரே இந்நோய்க்குப் பெருவழி என்று எண்ணியிருந்த காலம் அது. ஈயும், கழுவாத கையும், அழுக்குற்ற ஆடையும் கூடாரமுமே இப்பாசறைகளில் நோயைப் பெரிதும் பரப்பின என்று மூவரும் தெளிந்தனர்.

அவர்கள் ஆராய்ந்த படைப்பிரிவுகளில் இருந்தோர் 1,07,973 பேர். நோயுற்றோர் 20,738 பேர். இறந்தோர் 1,580 பேர். அப்போரில் பகைவர் படைக்கலத்தால் மாண்ட அமெரிக்கர் 400 பேருக்கும் குறைவு. காய்ச்சலால் மடிந்த இளைஞருள் மிகப் பலர் போர்க்களத்தைக் கண்ணாலும் கண்டதில்லை.

1911-இல் அமெரிக்கத் தரைப்படையில் டைபாய்டுத் தடுப்பூசி கட்டாயமாக்கப்பட்டது. மூவர் எழுதிய முழு அறிக்கை அதற்கு முன்னரே 1904-இல் அச்சேறியது. அப்போது ரீடும் ஷேக்ஸ்பியரும் உயிருடன் இல்லை. எஞ்சிய பணியை வாகன் ஒருவரே முடித்தார்.