சின்னப் பெட்டிக்குள் முழுக் கணினி

கேள்வி: கணினிக்கான சிறிய பெட்டியைச் சொந்தமாக வடிவமைக்க எங்கிருந்து தொடங்குவது?

பதில்: பெட்டியின் அளவைத் தீர்மானிப்பவை உள்ளே வைக்கும் பாகங்கள். வயா நிறுவனம் 2001-இல் அறிமுகப்படுத்திய மினி-ஐடிஎக்ஸ் மதர்போர்டு 170 மி.மீ. சதுரம்; எஸ்எஃப்எக்ஸ் பவர் சப்ளை 125 × 100 × 63.5 மி.மீ. கிராபிக்ஸ் கார்டின் நீளமும் தடிமனும் மாடலுக்கு மாடல் மாறும் என்பதால், அதை முடிவு செய்யாமல் கோடு வரைவது வீண்.

இடத்தை மிச்சப்படுத்தும் சிறந்த வழி, மதர்போர்டையும் கார்டையும் முதுகோடு முதுகாக நிறுத்தி ரைசர் கேபிளால் இணைப்பது. டான் ஏ4-எஸ்எஃப்எக்ஸ் பெட்டி இப்படித்தான் சுமார் 7 லிட்டருக்குள் அடங்கியது. அதற்கு விலையும் உண்டு: பிராசசர் கூலரின் உயரம் 48 மி.மீ.-ஐத் தாண்டக் கூடாது. மலிவான ரைசர் கேபிள் வேகமான சிக்னலைத் தாங்காமல் திரையை அணைத்துவிடும்; இதில் சிக்கனம் வேண்டாம்.

வெப்பம்தான் உண்மையான சோதனை. கூலர், கார்டு இரண்டின் விசிறிகளுக்கும் நேர் எதிரே துளைகள் வேண்டும். சூடான காற்று மேல்பக்கமாக வெளியேற வேண்டும். விசிறிக்கும் பலகைக்கும் இடையே சில மில்லிமீட்டர் இடைவெளி இல்லையென்றால் இரைச்சல் கூடும்.

முதலில் அட்டையில் மாதிரி செய்து, கேபிள்கள் வளைய இடமிருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். பிறகு 1.5 அல்லது 2 மி.மீ. அலுமினியத் தகட்டை லேசரில் வெட்டி வளைக்கலாம். வளைவுக்கு மிக அருகில் துளையிட்டால் அது கோணலாகும். பெயின்ட், அனோடைசிங் இரண்டும் மின்சாரத்தைக் கடத்தா. ஆகவே பவர் சப்ளை திருகும் இடத்தில் உலோகம் தெரியும்படி சுரண்டிவிட்டால்தான் பெட்டி முழுவதற்கும் எர்த் கிடைக்கும்.