விதிப்புத்தகத்தில் இல்லாத யோசனை

தாயம் ஆடியிருக்கிறீர்களா? ஆடியிருந்தால், ஆட்டத்தைவிட அதில் வந்த சண்டைகளே உங்களுக்கு அதிகம் நினைவிருக்கும். உருட்டிய கட்டை சுவரில் சாய்ந்து நின்றுவிட்டால் அந்த எண் செல்லுமா, செல்லாதா? ஒரு தெருவில் செல்லும். அடுத்த தெருவில் செல்லாது. வழக்கைத் தீர்க்கத் திண்ணையில் ஒரு பாட்டி இருப்பார். அவர் சொன்னதே சட்டம்.

அந்தப் பாட்டியின் வேலை இல்லாமல் நடக்கவே நடக்காத ஓர் ஆட்டம் உண்டு. அதில் கட்டம் கிடையாது, காய் கிடையாது. ஆடுபவர் ஒவ்வொருவரும் கதையில் ஒரு பாத்திரம். “நான் இன்னது செய்கிறேன்” என்று அவர் சொல்ல, அதன் விளைவு என்னவென்று நடுவர் சொல்வார். சந்தேகமான இடத்தில் பகடை முடிவு செய்யும். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற ஆட்டத்தால் இவ்வகை பரவியது. ஆனால் இதன் வேர் இன்னும் பழையது. 1824இல் ரைஸ்விட்ஸ் என்ற பிரஷ்ய இராணுவ அதிகாரி, வரைபடத்தின் மேல் ஆடும் ஒரு போர்ப் பயிற்சி ஆட்டத்தை வெளியிட்டார். அதற்கு விதிகள் ஏராளம். 1876இல் வெர்டி து வெர்னுவா என்ற மற்றொரு அதிகாரி, அந்த விதிகளை ஒதுக்கிவிட்டு அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்புக்கே விட்டுவிடலாம் என்று வாதிட்டார். எவ்வளவு தடித்த விதிநூலும் ஆடுபவர் மூளைக்கு ஈடுகொடுக்காது என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

கோடை விடுமுறையில் எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் இந்த ஆட்டத்தை நடத்துகிறேன். பகடைக்குப் பதில் வீட்டிலிருந்த பித்தளைத் தாயக்கட்டைகள். ஒவ்வொன்றிலும் 1, 2, 3, வெறுமை என நான்கு முகங்கள்; இரண்டு கட்டைக்கு 4 × 4 = 16 வகை விழுக்காடு. தாயம், அதாவது மொத்தம் 1, இரண்டு வகையில்தான் விழும். மொத்தம் 3 நான்கு வகையில் விழும். இரண்டும் வெறுமையானால் எங்கள் பக்கம் 12. எனவே தாயம் விழும் வாய்ப்பு 16இல் 2, அதாவது எட்டில் ஒன்று.

கதை நடக்கும் இடம் திருமயம் கோட்டை. 1687இல் சேதுபதி மன்னர் கட்டிய அந்தக் கோட்டையில் இரவில் நுழைந்து ஓர் ஓலையைக் கொண்டுவர வேண்டும். முதல் நாளே எட்டு வயது மருமகள் கேட்டாள்: “மாமா, பூக்காரி மாதிரி பகலிலேயே உள்ளே போய் ஒளிந்துகொள்ளலாமா?” நான் வாசலுக்குக் காவலரும் மதிலுக்கு ஏணியும் ஏற்பாடு செய்து வைத்திருந்தேன். பூக்காரி என் கணக்கில் இல்லை. “அதற்கு விதி இல்லை” என்றேன். அன்று மாலை முழுவதும் அவள் வேறெதுவும் சொல்லவில்லை. வகுப்பிலும் நான் இதையே செய்துவருகிறேனோ என்ற சந்தேகம் அன்றிரவு வந்தது. ஆய்வுக்கூடத்தில், “இதை இப்படிச் செய்தால் என்ன சார்?” என்று கேட்ட எத்தனை பேரிடம் “செய்முறைக் குறிப்பேட்டில் உள்ளபடி செய்” என்று சொல்லியிருப்பேன்!

மறுநாள் தீர்ப்பை மாற்றினேன். பூக்காரி உள்ளே போனாள். உடனே அவள் அண்ணன் சொன்னான்: “அவள் மேலேயிருக்கும் பீரங்கிக் குழாயின் மேல் கமலை வடத்தைப் போட்டு இரு முனையையும் கீழே விடட்டும். ஒரு முனையில் நான். மறுமுனையில் கமலை மாடுகள். மாடு நடந்தால் நான் ஏறிவிடுவேன்!”

முடியுமா? இதற்கு விதிநூல் வேண்டாம்; இயற்பியல் போதும். சுழலாத குழாயின் மேல் கயிறு அரைச் சுற்றுச் சுற்றினால் உராய்வு குறுக்கே நிற்கும். உராய்வுக் குணகம் 0.3 என்று வைத்துக்கொண்டால், தூக்கும் எடையைப்போல் சுமார் 2.6 மடங்கு விசை வேண்டும். பையன் 40 கிலோ. ஏறத்தாழ 104 கிலோ எடைக்குச் சமமான இழுவை. இரண்டு மாடுகளுக்கு இது பெரிதல்ல. “சரி, முடியும். ஆனால் மாட்டின் கழுத்தில் மணி இருக்கிறதே?” என்றேன். மணியோடு போனால், 3 அல்லது அதற்குக் குறைவாக விழுந்தால் காவலன் விழித்துக்கொள்வான்: 16இல் 9 வாய்ப்பு. “கழற்றிவிடுவோம்!” என்றார்கள். அப்படியானால் தாயம் விழுந்தால் மட்டும் விழிப்பான். கட்டையை உருட்டும்போது வீடே மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது. விழுந்தது 5.

தீர்ப்பை ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். நல்லதாயிற்று. இரண்டு நாள் கழித்து எதிரிப்படையும் அதே வடத்தில் ஏறி வந்தபோது, “இது அநியாயம், தடை செய்யுங்கள்” என்று கத்தியவர்கள் இவர்களேதான். நோட்டைக் காட்டினேன்.

எல்லா யோசனையும் இத்தகையதல்ல. மேல்நாட்டு ஆட்டக்காரர்களிடையே ‘பெசன்ட் ரயில்கன்’ என்று ஒரு தந்திரம் பெயர்பெற்றது. அந்த அமெரிக்க ஆட்டத்தின் பிற்காலப் பதிப்புகளில் ஒரு சுற்று என்பது 6 வினாடி; அதற்குள் ஒவ்வொருவரும் கையிலிருப்பதை அடுத்தவரிடம் கொடுக்கலாம். நானும் அதே விதியை வைத்திருந்தேன். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பையன் ஒருவன் இதை எங்கோ கேட்டுவிட்டு வந்தான். புதுக்கோட்டையிலிருந்து திருமயம் 20 கிலோமீட்டர். 2 மீட்டருக்கு ஒருவராகப் பத்தாயிரம் பேர். ஒரே சுற்றில் தடி கைமாறிக் கைமாறித் திருமயம் போய்விடும். வேகம் வினாடிக்கு 3,333 மீட்டர். ஒலியைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு! “கடைசி ஆள் எறிந்தால் மதில் தூள்தூளாகும் சார்.”

கணக்கு சரி, ஆனால் வழக்கு தவறு. ஒருவருக்குக் கிடைக்கும் நேரம் 0.0006 வினாடி. அதற்குள் ஒரு கிலோத் தடியை நிலையிலிருந்து 2 மீட்டர் நகர்த்த, s = ½at² என்ற வாய்பாட்டின்படி, 1,100 டன் எடைக்குச் சமமான விசை வேண்டும். “விதியில் விசையைப் பற்றி ஒன்றுமில்லையே” என்றான் பையன். உண்மை. அதே விதியில் மதில் தூளாவதைப் பற்றியும் ஒன்றுமில்லை! விதிப்படி பார்த்தால், கடைசி ஆள் எறிவது ஒரு சாதாரணத் தடி. இயற்கைப்படி பார்த்தால், கைமாற்ற ஆளுக்கு ஒரு வினாடி வீதம் 2 மணி 46 நிமிடமாகும். சைக்கிளில் முன்னாலேயே போய்விடலாம். தடி பயணம் செய்ய ஆட்டவிதி, தடி மோத நியூட்டன் விதி என்று இரண்டு சட்டத்திலிருந்தும் வேண்டியதை மட்டும் பொறுக்கினான் பையன். அந்த ஒட்டுவேலையைத்தான் நான் மறுத்தேன். பையன் சிரித்துவிட்டு ஒத்துக்கொண்டான். பத்தாயிரம் பேருக்கும் சாப்பாடு யார் போடுவது என்று இன்னொருத்தி கேட்டதில் மிச்சமும் கரைந்தது.

கடைசி நாள். ஓலை கிடைத்துவிட்டது, மாடுகள் ஓடிவிட்டன. அண்ணன் இறங்க வேண்டும். எட்டு வயதுக்காரி சொன்னாள்: “மாமா, நான் மேலேயிருந்து கயிற்றைப் பிடித்து அண்ணனை இறக்குகிறேன்.” 40 கிலோவை ஒரு சிறுமியா? “முடியாது” என்று வாய்வரை வந்துவிட்டது. “பீரங்கியில் இன்னும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பிடிப்பேன். கோட்டைப்பட்டினத்தில் படகைக் கட்டும்போது மரத்தில் அப்படித்தானே சுற்றினார்கள்!”

காகிதத்தை எடுத்தேன். ஏற்றும்போது எதிர்த்த உராய்வு, இறக்கும்போது உதவிக்கு வரும். அரைச் சுற்றுக்கு 2.6 மடங்கு என்றால், ஒன்றரைச் சுற்றுக்கு 2.6 × 2.6 × 2.6, ஏறத்தாழ 17 மடங்கு. 40ஐ 17ஆல் வகுத்தேன். சுமார் 2½ கிலோ. தாயக்கட்டையை உருட்டவே இல்லை.