சொத்தை அழித்த தாத்தாவைத் தேடுவது எப்படி?

“எங்க கொள்ளுத்தாத்தா பெரிய பண்ணையமா இருந்தவராம். குடிச்சே எல்லாத்தையும் அழிச்சுட்டாராம்.” குடும்ப வரலாறு தேடுகிறவர்களில் பலர் கையில் இந்த ஒரு வரிதான் இருக்கும். அதை வைத்துக்கொண்டு நேரே எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு ஓடுகிறார்கள். அங்கே இருப்பதில் பெரும்பகுதி சர்க்கார் கடிதப் போக்குவரத்து. உங்கள் தாத்தா கலெக்டருக்கே தலைவலி கொடுத்தவராக இருந்தாலொழிய அவர் பெயர் அங்கே அகப்படுவது கஷ்டம். வெறுங்கையோடு திரும்பி வந்து, “ஒண்ணுமே கிடைக்கல” என்கிறார்கள்.

கிடைக்கும். உண்மையில் தேடச் சிரமமானவர் ஒழுங்காக வாழ்ந்து, நிலத்தை அப்படியே மகன் கையில் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடியவர்தான். அவருக்குப் பட்டாவைத் தவிர வேறு தடயம் இராது. கடன்பட்டவர், அடமானம் வைத்தவர், ஏலத்தில் இழந்தவர், வழக்கில் மாட்டியவர் எல்லாம் கட்டுக்கட்டாகக் காகிதம் விட்டுப் போயிருப்பார்கள். அது இருக்கும் முதல் இடம் சார்பதிவாளர் அலுவலகம். அங்கேயும் பெயரை வைத்துத் தேடாதீர்கள், நிலத்தை வைத்துத் தேடுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

1. வீட்டில் கேட்பது

“அவர் ஏன் அப்படி ஆனார்?” என்று கேட்டால் வாயை மூடிக்கொள்வார்கள். “எந்தக் காடு போச்சு? எந்தக் கிணத்துல பங்கு இருந்துச்சு?” என்று கேளுங்கள். இதற்குச் சரியான ஆள் குடும்பத்தின் மூத்த மருமகள். மாமனார் பெயரை அவர் வாயால் சொல்லமாட்டார். ஆனால் ‘பனங்காடு’, ‘கோயில் மேட்டுத் துண்டு’ என்று ஒவ்வொரு வயலையும், அதை வாங்கியது எந்த வீட்டார் என்பதையும் ஒப்பிப்பார். வெளியூரில் கட்டிக்கொடுத்த அத்தைகளையும் விட்டுவிடாதீர்கள். சொத்துத் தகராறில் பங்கில்லாதவர்கள் தாராளமாகப் பேசுவார்கள்.

திதி கொடுக்கும் நாளையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மாதமும் பட்சமும் திதியும் தெரிந்தால், வருஷம் உத்தேசமாகத் தெரிந்ததும் பழைய பஞ்சாங்கத்தை வைத்து இறந்த தேதியைப் பிடித்துவிடலாம். அவருக்கு மகாளய அமாவாசையன்று மட்டும்தான் கொடுக்கிறார்கள் என்றால், அவர் இறந்த நாள் வீட்டுக்கே தெரியாமல் இருக்க வாய்ப்புண்டு. ஊரைவிட்டுப் போனவரா என்ற கேள்வியை அப்போதே எழுதி வையுங்கள்.

2. சர்வே எண்

கிராம நிர்வாக அலுவலரிடம் ‘அ’ பதிவேட்டைப் பார்த்தால் இன்றைய எண் கிடைக்கும். ஆனால் எண்பதுகளின் யு.டி.ஆர். (நில உடைமைப் பதிவு மேம்பாடு) கணக்கெடுப்பில் உட்பிரிவுகள் மாறியிருக்கும். தாத்தா காலத்துப் பத்திரத்தில் இருப்பது அதற்கு முந்திய எண். வட்டாட்சியர் அலுவலகத்தில் பழைய நிலவரித் திட்டப் பதிவேட்டையும், பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்குமான ஒப்பீட்டுப் பட்டியலையும் கேளுங்கள். வருவாய்க் கணக்கில் ஆண்டு பசலியில் இருக்கும், பயப்பட வேண்டாம். 590ஐக் கூட்டினால் போதும். பசலி 1340 என்பது 1930 ஜூலையில் தொடங்கி 1931 ஜூனில் முடிவது.

3. பத்திரத்தைக் கண்டுபிடித்து, ஆளை உறுதி செய்வது

முக்கால்வாசிப் பேர் தடுக்கி விழும் படி இதுதான், நிதானமாகப் படியுங்கள்.

இணையத்தில் வரும் வில்லங்கச் சான்று பொதுவாக 1975இலிருந்துதான். அதற்கு முன் என்றால் கையால் தேட மனுப்போட வேண்டும். பதிவுச் சட்டப்படி முதல் புத்தகத்தில் அசையாச் சொத்துப் பத்திரங்கள் படியெடுக்கப்பட்டிருக்கும். அதற்குப் பெயர்வாரியாக ஓர் அட்டவணை, சொத்துவாரியாக இன்னோர் அட்டவணை. இந்தப் புத்தகத்தைக் கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், வாரிசு என்று நிரூபிக்கத் தேவையில்லை. உயில் இருக்கும் மூன்றாம் புத்தகத்தின் நகலும், எழுதியவர் இறந்த பிறகு, மனுச் செய்யும் எவருக்கும் உண்டு. “உங்களுக்குக் கொடுக்க முடியாது” என்றால் 57ஆம் பிரிவை மரியாதையாக ஞாபகப்படுத்துங்கள்.

போகும் நாளிலும் சூட்சுமம் இருக்கிறது. முகூர்த்த நாளில் போனால் யாரும் உங்களைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அஷ்டமி, நவமி, ராகுகாலம், ஆடி மாதம் இவைதான் நமக்கு நல்ல நேரம். யாரும் பத்திரம் பதியாத வேளையில் பதிவறைக்காரருக்குப் பழைய புத்தகத்தை எடுத்துத் தரப் பொறுமை இருக்கும். அந்த ஊர் தாத்தா காலத்தில் எந்தச் சார்பதிவகத்தில் இருந்தது என்பதையும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லைகள் பலமுறை பிரிந்திருக்கின்றன.

பெயரை நம்பக்கூடாது என்று சொன்னேனே, காரணம் இதுதான். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்போம். நாலு மகன்கள் இருந்தால் நாலு பேருமே தலைப்பிள்ளைக்கு அதே பெயரை வைத்திருப்பார்கள். ஒரே ஊரில், ஒரே வயதில், ஒரே தாத்தாவுக்கு நாலு முத்துசாமிகள். போதாக்குறைக்கு வீட்டில் கூப்பிடும் பெயர் வேறு, பத்திரத்தில் எழுதும் பெயர் வேறு. ‘சின்னப்பன் என்கிற பழனியப்பன்’ என்று எழுதியிருந்தால் அந்த எழுத்தருக்கு ஒரு கும்பிடு போடுங்கள். பெயர் ஒத்துப்போகிறது என்று குதித்து, சித்தப்பா தாத்தாவின் கடனை நேர் தாத்தா தலையில் கட்டிய குடும்பங்கள் உண்டு.

என் விதி இது: தகப்பன் பெயர், வசிக்கும் ஊர், எல்லைக்காரர் ஆகிய மூன்றும் ஒத்துப்போனால்தான் அவர் நம்மவர். இரண்டு மட்டும் ஒத்தால் பென்சிலில் எழுதுங்கள், பேனாவைத் தொடாதீர்கள்.

எல்லைக்காரர் என்பது பத்திரத்தின் கடைசியில் வரும் சொத்து விவரத்தில் இருக்கும். ‘இன்னார் புஞ்சைக்குக் கிழக்கு, இட்டேரிக்கு வடக்கு, இன்னார் கிணற்று வாய்க்காலுக்கு மேற்கு, என் தம்பி பாகத்துக்குத் தெற்கு’ என்று நாலு பக்கமும் சொல்லியிருப்பார்கள். அந்த ‘என் தம்பி பாகம்’ என்ற மூணு வார்த்தையில் ஒரு பாகப்பிரிவினை நடந்து முடிந்திருப்பது தெரிகிறது. தம்பியின் பெயரும் அங்கே இருந்தால், நாலு முத்துசாமிகளில் மூன்று பேர் அந்த இடத்திலேயே கழன்றுவிடுவார்கள்.

அடுத்துப் படிக்க வேண்டியது, பணம் எதற்கு என்று சொல்லும் பகுதி. ‘குடும்பச் செலவுக்காக’ என்பது எல்லாரும் எழுதுவது, அதில் ஒன்றுமில்லை. ‘முன்பு எழுதிக்கொடுத்த புரோநோட்டின் அசலும் வட்டியும் தீர’ என்றால் கடன் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது என்று அர்த்தம். ‘மகள் விவாகத்துக்காக’, ‘கிணறு வெட்ட’, ‘கிஸ்தி கட்ட’ என்றால் ‘குடித்தே அழித்தார்’ கதையில் முதல் ஓட்டை விழுந்துவிட்டது. ரொக்கமாக எவ்வளவு கைக்கு வந்தது, பழைய கடனில் எவ்வளவு கழிந்தது என்று பிரித்து எழுதியிருந்தால் அந்தக் கணக்கை வரிக்கு வரி எழுதிக்கொள்ளுங்கள். 500 ரூபாய் பத்திரத்தில் கையில் வாங்கியது 30 ரூபாய் என்றால் மீதியெல்லாம் வட்டி தின்றது.

சாட்சிகளையும் பாருங்கள். ஒவ்வொரு பத்திரத்திலும் அதே மைத்துனர் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்தால் வீட்டுக்குத் தெரிந்தே நடந்திருக்கிறது. எல்லாருமே வெளியூர் ஆட்கள் என்றால், பக்கத்து ஊரில் எழுதியதாகவும் இருந்தால், மறைத்துச் செய்திருக்கலாம்.

ஒரு பத்திரம் கிடைத்ததும் நிறுத்தாதீர்கள். அதற்கு முன்னும் பின்னும் பத்து வருஷம் அதே சர்வே எண்ணில் தேடுங்கள். முதலில் அடமானம், பிறகு போக்கியம், கடைசியில் கிரயம் என்று இறங்குவதுதான் வழக்கமான வரிசை. நடுவில் கண்ணி விட்டுப்போனால் திகைக்க வேண்டாம். நூறு ரூபாய்க்குக் குறைந்த கிரயத்தைப் பதியவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. செலவை மிச்சம் பிடிக்க 99 ரூபாய் என்று எழுதிக்கொண்டவர்களும் உண்டு. புரோநோட்டோ பதிவுக்கே வராது. அது வெளியே தெரிவது கோர்ட்டில்தான்.

4. கோர்ட்

நிலம் ஏலத்தில் போயிருந்தால் குறுக்குவழி இருக்கிறது. கோர்ட் விற்பனைச் சான்றிதழின் நகல் சார்பதிவாளருக்கு வந்து, முதல் புத்தகத்திலேயே கோக்கப்படும். அதில் வழக்கு எண்ணும் ஆண்டும் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு முன்சீப் கோர்ட்டில் நகல் மனுப் போடுங்கள். நீங்கள் வழக்கின் தரப்பினர் அல்ல என்பதால் எதற்கு வேண்டும் என்று பிரமாணப் பத்திரம் கேட்பார்கள். ‘குடும்ப வரலாறு’ என்று உள்ளதையே எழுதுங்கள். பழைய கட்டுகளை அழித்திருப்பார்கள். தீர்ப்பும் டிக்ரியும் மிஞ்சியிருந்தாலே பாக்கியம். ஐ.பி. கொடுத்தவர், அதாவது மஞ்சள் கடுதாசி ஆசாமி என்றால் இன்னும் சுலபம். 1920ஆம் ஆண்டுச் சட்டப்படி திவால் உத்தரவை அரசிதழில் வெளியிட வேண்டும்.

அவரைக் குடிகாரர் என்று சொல்லும் பிராது (வழக்கு மனு) கையில் கிடைத்தால் உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்காராதீர்கள். தகப்பன் பட்ட கடனை மகன் தீர்க்க வேண்டும் என்பது இந்து சட்டத்தில் 2005 திருத்தம் வரை இருந்த விதி. சூது, குடி, கெட்ட சகவாசம் போன்ற காரியங்களுக்குப் பட்ட கடன் என்று நிரூபித்தால் மகன் பங்கு தப்பும். ஆகவே நிலத்தைக் காப்பாற்ற அன்றிருந்த ஒரு வழி, மைனர் பிள்ளைகள் பெயரில் தாயார் கார்டியனாக நின்று, ‘இவர்கள் தகப்பனார் துர்நடத்தையுள்ளவர்’ என்று வழக்குப் போடுவது. பல வீடுகளில் தகப்பனுக்கும் தெரிந்தே இது நடந்தது. அவர் கோர்ட்டுக்கே வராமல் எக்ஸ்பார்ட்டி ஆகியிருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். நிஜக் குடிகாரர்களும் இருந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாக உங்கள் வீட்டில் சொல்லும் ‘குடித்தே அழித்தார்’ கதை, வக்கீல் ஒருவர் பிராதில் எழுதிய வாசகமாகவும் இருக்கலாம். தீர்ப்பில் நீதிபதி அதை நம்பினாரா என்று பாருங்கள். பிராதை மட்டும் படித்துவிட்டுத் தாத்தாவுக்கு நடத்தைச் சான்றிதழ் எழுதுவது அவருக்குச் செய்யும் துரோகம்.

5. வருஷத்தோடு ஒட்டிப் பார்ப்பது

பத்திரங்களைத் தேதிவாரியாக அடுக்கி, பக்கத்திலேயே நாட்டு நிலவரத்தை எழுதுங்கள். 1930ஐ ஒட்டிய வருஷங்களில் நெல் விலை ஏறக்குறையப் பாதிக்கு விழுந்தது. கடனும் கிஸ்தியும் விழவில்லை. அப்போது நிலம் இழந்தவர்கள் எல்லாருமே குடிகாரர்கள் அல்ல. 1938இல் ராஜாஜி அமைச்சரவை கொண்டுவந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டப்படி, அசலைப்போல் இருமடங்கு கட்டியவரின் கடன் தீர்ந்ததாகவே கொள்ளப்பட்டது. 1936இல் ஏலத்தில் இழந்தவருக்கும் 1939 வரை தாக்குப்பிடித்தவருக்கும் உள்ள வித்தியாசம் குணத்தில் இல்லாமல் இந்தச் சட்டத்தில் இருக்கலாம். சேலம் ஜில்லாக்காரர் என்றால் இன்னொன்று: அங்கே 1937 அக்டோபரிலேயே மதுவிலக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு குடித்தே அழித்தார் என்றால் கள்ளச்சாராய வழக்கும் இருந்ததா என்று தேடலாம்.

தமிழ் வருஷப் பெயரில் ஏமாறாதீர்கள். அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் வரும். ‘தாது வருஷத்துல எல்லாம் போச்சு’ என்றால் 1876ஆம் ஆண்டுப் பஞ்சமா, 1936ஆ என்பதை யாருக்குப் பேரன் யார் என்று எண்ணித்தான் முடிவு செய்ய வேண்டும்.

6. ஆளே காணாமல் போயிருந்தால்

நேட்டாலுக்கு 1860க்கும் 1911க்கும் இடையில் ஒப்பந்தக் கூலியாகப் போனவர் என்றால் அதிர்ஷ்டம்தான். கப்பல் பட்டியலில் தகப்பன் பெயர், கிராமம், வயது, உயரம், உடல் அடையாளம் வரை இருக்கும். பிஜிக்குச் சென்னை வழியாக 1903 முதல் போனார்கள், அவர்களுக்கும் குடியேற்றச் சீட்டு உண்டு. மொரீஷியஸ் என்றால் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிலையம். கங்காணி வழியாக இலங்கைக்கோ மலேயாவுக்கோ போனவருக்கு இத்தனை விவரம் எதிர்பார்க்காதீர்கள். 1964 ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பி வந்த கிளை இருந்தால் அவர்கள் குடும்ப அட்டையிலிருந்து பின்னோக்கிப் போங்கள்.

கைரேகைச் சட்டம் எனப்பட்ட குற்றப்பரம்பரைச் சட்டத்தின் பதிவேட்டில் பெயர் இருந்தால் அதைக் குற்றம் என்று எழுதாதீர்கள். சென்னை மாகாணத்தில் 1947 வரை, குறிப்பிட்ட சாதியில் பிறந்ததே அதில் சேர்க்கப் போதுமான காரணம். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை 1871இலிருந்து இருக்கிறது. ஆனால் நோயாளிக் குறிப்புகள் பொதுப் பார்வைக்குக் கிடையாது. வாரிசுச் சான்றோடு எழுத்தில் கேளுங்கள், வாய்மொழியாகக் கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள்.

7. எழுதி வைப்பது

ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் பத்திர எண், ஆண்டு, சார்பதிவகம் இந்த மூன்றையும் போடுங்கள். யார் சொன்னது, எந்தக் காகிதம் சொன்னது என்பதைத் தனித்தனி நிற மையில் எழுதுவது என் பழக்கம். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

எல்லாம் முடிந்ததும் பங்காளிகளில் ஒருவர் நகலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இப்ப கேஸ் போட்டா நிலம் திரும்பி வருமா?” என்று கேட்பார், எல்லா வீட்டிலும் கேட்பார்கள். வராது. சுவாதீனம் கேட்டு வழக்குப் போடப் பொதுவாகச் சட்டம் தரும் கெடு 12 வருஷம். அதற்குமேல் வாங்கியவர் வீட்டிலும் மூன்று தலைமுறை உழுதாயிற்று. அந்த வீட்டுக்குப் போங்கள், ஆனால் கேஸ் பேசப் போகாதீர்கள். உங்கள் தாத்தா கையெழுத்திட்ட அசல் பத்திரம் அவர்கள் பெட்டியில்தான் இருக்கும். சார்பதிவகத்தில் இருப்பது எழுத்தர் பார்த்தெழுதிய படி. தாத்தா பேனா பிடித்தாரா, ரேகை வைத்தாரா என்பதை அசலில் நேரே பார்க்கலாம். போகும்போது சர்வே எண்ணை வாயிலெடுக்காதீர்கள், அந்த நொடியே பெட்டியைப் பூட்டிவிடுவார்கள்.