ஆய்வேட்டோடு கற்க வேண்டியவை

முனைவர் பட்டத்திற்கு ஆராய்ச்சி செய்யும் மாணவர்களுக்கு எழுத்திலும், பேச்சிலும், கற்பித்தலிலும், கணக்கு வைப்பதிலும், பலரோடு கூடிக் காரியம் நடத்துவதிலும் பயிற்சி வேண்டும் என்று சொன்னால், “ஆய்வேட்டை முடிக்கவே அவகாசம் போதவில்லை, இதெல்லாம் எதற்கு?” என்று கேட்கும் நெறியாளர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள். நெடுங்காலம் நெறியாளனாக இருந்த எனக்கு அனுபவம் உணர்த்தியதோ, இப்படிச் செலவிட்ட காலம் வட்டியும் முதலுமாக ஆய்வேட்டிற்கே திரும்பி வந்தது என்பதுதான்.

தர்மபுரி மாவட்டத்து நிலத்தடி நீரில் கலந்திருக்கும் ஃபுளோரைடைப் பற்றி ஆராய்ந்த மாணவி ஒருவர், நீர் மாதிரி எடுக்கப் போயிருந்த கிராமத்தில் ஒரு மூதாட்டி, “ஏம்மா, இந்தத் தண்ணியக் காய்ச்சிக் குடிச்சா சரியாயிடுமா?” என்று கேட்டபோது, விடை தெரிந்திருந்தும் அதைச் சொல்லும் பாஷை வாய்க்காமல் தடுமாறினார். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீர் கிடைக்காவிட்டால் 1.5 வரை அனுமதிக்கலாம் என்ற இந்தியத் தர நிர்ணயம் அவருக்கு மனப்பாடம். ஆயினும் அந்த எண்களால் மூதாட்டிக்கு என்ன பிரயோஜனம்? சூத்திரம் ஒன்றுகூட இல்லாமல் தமிழில் ஒரு பக்கம் எழுதி, அதை அந்த ஊராருக்கே படித்துக் காட்டும்படி சொன்னேன். காய்ச்சினால் கிருமி சாகுமே தவிர ஃபுளோரைடு போகாது, நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும் என்று எழுத உட்கார்ந்தவருக்கு, சித்திரை வெயிலில் வயலில் நிற்பவர் நாளொன்றுக்கு எவ்வளவு நீர் குடிக்கிறார், உலை வைக்க எந்தக் கிணற்று நீரை எடுக்கிறார்கள் என்ற கேள்விகள் தாமாகவே எழுந்தன. அவை அவருடைய ஆய்வு வினாப்பட்டியலில் அதுவரை இடம்பெறவில்லை. வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் சிலாகித்துப் பேசியது அக்கேள்விகளிலிருந்து பிறந்த அத்தியாயத்தைத்தான்.

பிரிட்டனில் சர் கேரத் ராபர்ட்ஸ் 2002இல் அளித்த அறிக்கை, ஆராய்ச்சி மாணவர்களுக்கு ஆண்டுக்குக் குறைந்தது இரண்டு வாரமாவது இத்தகைய பயிற்சி வேண்டும் என்று பரிந்துரைத்தது. நம் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகளும், எத்துறை மாணவராயினும் தம் பாடத்தைக் கற்பிப்பதிலும் அதைப் பற்றி எழுதுவதிலும் பயிற்சி பெற வேண்டும் என்கின்றன. வாரத்திற்கு 4 முதல் 6 மணி நேரம் வரை கற்பித்தல் உதவிப் பணி அளிக்கவும் இடம் தருகின்றன. விதி இருக்கிறது, அதற்கு உயிர் கொடுக்க வேண்டியவர் நெறியாளர்.

ஆராய்ச்சித் திட்டத்திற்கு நிதி வந்தால், மூன்று விலைப்புள்ளிகள் பெறுவது, இருப்புப் பதிவேடு எழுதுவது, ஆண்டிறுதியில் பயன்பாட்டுச் சான்றிதழுக்கு வரைவு தயாரிப்பது ஆகியவற்றை மாணவர்களையும் அருகில் வைத்துக்கொண்டே செய்து வந்தேன். பட்டம் பெறும் எல்லோருக்கும் உதவிப் பேராசிரியர் பதவி காத்திருக்கவில்லை. மருந்துக் கம்பெனிக்கோ அரசாங்க ஆய்வுக்கூடத்திற்கோ போகிறவரிடம், கொடுத்த பணத்திற்குள் கொடுத்த காலத்திற்குள் ஒரு வேலையை முடித்துத் தரும் சாமர்த்தியத்தையும் எதிர்பார்ப்பார்கள். ஆனால் நெறியாளர் தம் அலுவலக வேலையை மாணவர் தலையில் கட்டிவிட்டு அதற்குப் பயிற்சி என்று பெயர் சூட்டுவது அநியாயம். காரணத்தை விளக்கி, செய்ததைத் திருத்திக் கொடுத்து, செய்தவர் பெயரையும் சொல்லும்போதுதான் அது பயிற்சியாகும்.

மாணவர்களே, நெறியாளராக முன்வந்து சொல்லட்டும் என்று காத்திராமல், ஒவ்வொரு பருவமும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் வைக்கும் முன்னேற்ற அறிக்கையில், அந்தப் பருவத்தில் யாருக்குக் கற்பித்தீர்கள், பொதுமக்களுக்காக எதை எழுதினீர்கள் என்று ஒரு பத்தி சேருங்கள். நெறியாளர்களும் அந்தப் பத்தியை அடித்துவிடாமல், ஆய்வு முடிவுகளைப் பற்றிக் கேட்கும் அதே சிரத்தையோடு அதைப் பற்றியும் குழுவில் கேட்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.