ஏனாத்தூரிலிருந்து கடலுக்கு: வற்றத்தில் கரையுயிர்களைப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூரில் கடல் இல்லை. வாலாஜாபாத், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக ஏறத்தாழ 65 கிலோமீட்டர் போனால் மாமல்லபுரம். அங்கே கடற்கரைக் கோயிலை எழுப்பிய ராஜசிம்ம பல்லவன்தான் காஞ்சியில் கைலாசநாதர் கோயிலையும் கட்டினான். கோயிலைப் பார்ப்போம், காலை நனைப்போம், மாங்காய் தின்போம், பஸ் ஏறிவிடுவோம். அங்குள்ள பாறைகளில் குடியிருப்பவர்களைப் பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். நேரம் மட்டும் சரியாக அமைய வேண்டும்.

முதல் படி: காலண்டரைப் பாருங்கள்

அமாவாசை, பௌர்ணமி, அவற்றை அடுத்த ஓரிரு நாட்கள்: கடல் அதிகம் உள்வாங்குவது அப்போதுதான். அப்போதும் நம் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஒரு மீட்டர் அளவுதான் வித்தியாசம். குஜராத்தின் காம்பே வளைகுடாவில் அது 10 மீட்டரைத் தொடும். ஆகவே மைல் கணக்கில் கடற்படுகை திறந்து கிடக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அஷ்டமி நவமி வேண்டாம். சாஸ்திரத்துக்காகச் சொல்லவில்லை, அப்போது வற்றம் மிகக் குறைவு. அமாவாசையன்று தறியில் உட்காராத நெசவாளர் வீடுகளுக்கு ஒரு வசதி, விடுப்பும் வற்றமும் சேர்ந்தே வரும்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தைத் தவிர்த்துவிடுங்கள். தை பிறந்த பிறகு கடல் ஓரளவு அடங்கும்.

இரண்டாம் படி: மணி பாருங்கள்

ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் கடல் தகவல் மையம் ஓத நேரங்களையும் பேரலை எச்சரிக்கைகளையும் இணையத்தில் தருகிறது. பகலில் வரும் வற்றத்தைத் தேர்ந்தெடுத்து, அதற்கு ஒரு மணி நேரம் முன்பே கரையில் இருங்கள். கள்ளக்கடல் எனப்படும் திடீர்ப் பேரலை எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

மூன்றாம் படி: முதலில் மணல்

அலை பின்வாங்கும் இடத்தில் ஈர மணலை உற்றுப் பாருங்கள். சின்னச் சின்ன 'வி' வடிவக் கோடுகள் தெரிந்தால் அடியில் எலிப்பூச்சி இருக்கிறது. நண்டு இனம்தான், ஆனால் கொடுக்கு கிடையாது. பின்பக்கமாகவே மணலுக்குள் இறங்கி, இறகு போன்ற உணர்கொம்புகளை நீட்டித் திரும்பும் நீரில் இரை வடிகட்டும். சற்று மேட்டில் வளை தோண்டியிருப்பது பேய் நண்டு. நீங்கள் நடந்தால் அது மறையும்; அசையாமல் உட்கார்ந்தால் சில நிமிடங்களில் கண்கள் இரண்டும் முதலில் வெளியே வரும்.

செத்த மட்டி ஓடுகளையும் புரட்டுங்கள். துரப்பணம் போட்டது போல வட்டத் துளை ஒன்று இருந்தால், அது ஒரு கடல் நத்தை ஓட்டைத் துளைத்து உள்ளிருந்த சதையைத் தின்ற தடயம்.

நான்காம் படி: பாறைகள்

இங்கேதான் நிறைய நேரம் செலவிட வேண்டும். பாறையை மேலிருந்து கீழாகப் படியுங்கள். உச்சியில், தெறிக்கும் துளியை மட்டும் நம்பி வாழும் சிறு நத்தைகள். அதன் கீழே வெள்ளைச் சொரசொரப்பாகக் கொட்டலசு. சிப்பி போலத் தெரிந்தாலும் அது நண்டு, இறாலின் உறவு. குஞ்சுப் பருவத்தில் நீந்தித் திரிந்து, ஒரு நாள் தலையைப் பாறையில் ஒட்டிக்கொண்டு, அதன்பின் வாழ்நாள் முழுவதும் காலால் உதைத்து உதைத்து இரையை வாய்க்குள் தள்ளும். வற்றத்தில் ஈரம் போகாமல் கதவை மூடிவிடும். நீர் தேங்கிய குழியில் கிடக்கும் ஒன்றைக் கவனியுங்கள். கதவு திறந்து கால்கள் விசிறி போல விரியும்.

இன்னும் கீழே பாசியும் சிப்பிகளும். குழிகளில் கடல் சாமந்தி இருக்கலாம். உங்கள் நிழல் குழியில் விழாதபடி சூரியனைப் பார்த்து உட்காருங்கள்.

ஐந்தாம் படி: கையை அடக்குங்கள்

கல்லைப் புரட்டினால் இருந்தபடியே திருப்பி வையுங்கள். வெறும் சங்கு என்று பையில் போடாதீர்கள், அது ஒரு துறவி நண்டின் அடுத்த வீடு. பவளம், கடல் குதிரை, கடல் அட்டை ஆகியவை 1972 வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. நீல நிறத்தில் ஒதுங்கிக் கிடக்கும் எதையும் தொட வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின் சென்னை பெசன்ட் நகரில் ஒதுங்கிய நீல டிராகன்கள் என்ற ஓடில்லாக் கடல் நத்தைகள் விரல் நீளம்கூட இல்லை, ஆனால் நன்றாகக் கொட்டும். கூம்பு வடிவ நத்தையும் வலையிலிருந்து வீசப்பட்ட கடல் பாம்பும் தொடக் கூடாதவைதான்.

ஆறாம் படி: திரும்பும் நேரம்

கடலுக்கு முதுகு காட்டி நிற்கக் கூடாது. பாசிப் பாறை வழுக்கும். பிடிப்புள்ள, பின்வார் கொண்ட செருப்பு போடுங்கள். மாமல்லபுரத்தில் நீரோட்டம் ஆளை இழுக்கும், குளியல் இந்தப் பயணத்தில் சேராது. தண்ணீர் ஏறத் தொடங்கியதும் கிளம்பிவிடுங்கள்.

ஒன்றை மட்டும் குழந்தைகளுக்குத் தெளிவாகச் சொல்லுங்கள். வற்றம் மணிக்கணக்கில் மெதுவாக வரும். 2004 டிசம்பர் 26 அன்று இதே கரையில் கடல் திடீரென விலகி, அதுவரை காணாத பாறைகளை வெளியே காட்டியது. பின்னாலேயே சுனாமி வந்தது. நேரம் தப்பிக் கடல் உள்வாங்கினால் வேடிக்கை பார்க்க நிற்காமல் மேட்டுக்கு ஓட வேண்டும்.